சம்பந்திக்குத் தெரியக்கூடாது

ஒரு ஊரிலே ஒரு கை இருந்ததாம். அந்தக் கைக்கு ஒரு பொம்பளை இருந்தாளாம். கை போகிற இடத்துக்கெல்லாம் அவளும் கூடவே போவாளாம். கை தூங்கினால்தான் அவளும் தூங்குவாளாம். கைக்கு ரெண்டு தலையணை, அவளுக்கு ஒன்று.

சிரிச்சுக்கோங்க தங்கச்சி. இந்தப் பெஞ்சிலே உட்கார்ந்து யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கை இதோ இருக்கிறது. அந்தப் பொம்பளையும் நான்தான். பூரணம். ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிறேன். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்து இந்தக் கையை நீட்டவேண்டும். அந்தப் பிசியோ பொண்ணு பழைய கட்டை அவிழ்த்து, கையை மேல்நோக்கித் தடவித் தடவி நீரை வடித்து, மறுபடி புதுக்கட்டு போடுவாள். நாலு சுற்று. விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. உங்களுக்கு இன்றைக்குத்தான் முதல் கட்டா? பயப்படாதீங்க. போடும்போது வலிக்காது. வீட்டுக்குப் போனபிறகுதான் வலிக்கும்.

உங்களுக்கு ஆபரேஷன் முடிந்து எப்போது வீங்க ஆரம்பித்தது? மூன்றாம் மாசமே வந்துவிட்டதா? எனக்கு ஏழாம் மாசம். மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டியெல்லாம் வழித்து எடுத்தார்கள். கீமோ ஏற்றினார்கள், ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள், தோல் வெந்து உரிந்தது. அதெல்லாம் சின்னப்பாடு என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கெல்லாம் ஒரு கடைசி நாள் இருந்தது. அட்டையிலே எழுதி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வரலாம். இதற்கு அப்படி ஒரு நாள் இல்லை. 'நெறியை எடுத்துட்டதால கையில ஊறுற நீர் வடிய வழியில்லம்மா, ஆயுசுக்கும் பார்த்துக்கணும்' என்று அந்தப் பொண்ணு சிரித்துக்கொண்டே சொல்கிறாள். என்னவோ ரோஜாச் செடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட முடியாது. எங்க வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுகிறார். மூன்றாவது ஊக்கை இரண்டாவதில் மாட்டுவார். 'தண்டபாணிங்கிற பேருக்கு ஊக்கு மாட்டத் தெரியல பாரு' என்பேன். 'இப்பத்தான பழகுறேன், விடு' என்பார்.

அதோ அந்த ரத்தம் எடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் பச்சைச் சுடிதாரில் நிற்கிறாளே, பார்த்தீங்களா? கையில் ஒரு காகிதத்தோடு. அவள்தான் என் மகள். தாரிணி. ஒரே மகள்.

ஆமாம், என்னோடுதான் வந்தாள் என்று நினைக்கிறீங்க. இல்லை. ஆறு மாசமாக என் வீட்டுப் படி மிதிக்காதவள் இன்றைக்கு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறாள். கை எப்படியம்மா இருக்கிறது என்று கேட்கவா வந்தாள்? என் ரத்தத்தைக் கேட்க வந்திருக்கிறாள். இந்த நோய் ரத்தத்தில் வழிவழியாக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறதாம். நோய் வந்தவள் ரத்தத்தில் முதலில் பார்த்தால்தான் மகளுக்கு எதைத் தேடுவது என்று தெரியுமாம். அதற்கு நான் கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுக்கவேண்டுமாம். 'முதல்ல கட்டு போட்டுக்கறேன், அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டேன். நிற்கட்டும். நான் நிற்காத நிலையா?

உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரு பொண்ணா? பன்னிரண்டாவது படிக்கிறாளா? அப்படியென்றால் நீங்க இதைக் கேட்கத்தான் வேண்டும். பொண்ணைப் பெற்றவள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதற்கு என் கதைதான் பாடம்.

தாரிணிக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. வைகாசியில் ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் சொல்லும். அந்த வாய் வேடசந்தூர் வரைக்கும் போகும், மாப்பிள்ளை வீட்டுக்கு. கல்யாணம் நின்றுபோகும். நாலு மாசம், தங்கச்சி. நாலு மாசம் அதைத் துணிக்குள்ளே பொத்தி வைத்துக்கொண்டு ஜவுளி எடுத்தேன், பத்திரிகை வைத்தேன், பந்தியிலே இலை போட்டேன். மறுவீடு முடிந்து மூன்றாம் நாள்தான் வீட்டுக்காரரிடமே சொன்னேன். மனுஷர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே வந்து காட்டினால் அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஆரம்பத்துலேயே வந்திருந்தா அக்குள் நெறியை இவ்வளவு எடுக்கவேண்டி இருந்திருக்காதும்மா.' வீட்டுக்காரர் எதிரிலேயே. ஒரு தாய் எதற்காகப் பொறுத்திருப்பாள் என்று யோசிக்கிற மனசு இருந்தால் அப்படிப் பேசுவாரா? படித்து என்ன பிரயோஜனம்?

அதற்கப்புறம் நான் மறைத்த மறைப்பு இருக்கிறதே! சம்பந்திக்குத் தெரியக்கூடாது. அது ஒன்றுதான் என் ஜபம். ஆபரேஷனுக்கு வந்து படுத்தபோது கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது என்று சொல்லச் சொன்னேன். கீமோவில் முடி கொட்டியதா, நேரே பழனிக்குப் போய் மிச்சத்தையும் வழித்து மொட்டை போட்டுக்கொண்டேன். மகள் கல்யாணம் நல்லபடி முடிந்ததற்கு வேண்டுதல் என்று சொன்னோம். அந்த இந்திராணியம்மா, அதாவது சம்பந்தி, சந்தனம் அரைத்துக்கொண்டு வந்து என் தலையில் அவங்க கையாலேயே பூசிவிட்டாங்க. 'முருகன் உங்க மனசு போல நடத்திட்டான்' என்றாங்க. தலை குளிர்ந்தது. உள்ளே அடுத்த கீமோவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். புருவம் உதிர்ந்தபோது மைப்பென்சிலால் வரைந்துகொண்டேன். ஒன்று மேலே ஒன்று கீழே. எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்.

தாரிணிக்குத் தெரியும். அவளிடம் மறைக்க முடியுமா? ஆனால் அவள் வாயிலிருந்து வரக்கூடாது என்று என் தலைமேல் சத்தியம் வாங்கினேன். மொட்டைத் தலைமேல். அவளுக்கு நாள் தள்ளிப்போய் டாக்டரம்மாவிடம் போனபோது, 'குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா' என்று கேட்டார்களாம். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'இல்லை' என்று சொல்லியிருக்கிறாள். வந்து என் மடியில் விழுந்து அப்படி அழுதாள். 'அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேம்மா, போதும்மா, சொல்லிடலாம்மா.' கர்ப்பக் காலத்தில் அழுகை வரும். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் மாசம் வேடசந்தூரில் வளைகாப்பு வைத்தாங்க. அதற்குள் எனக்குக் கை வீங்கிவிட்டது. தோள் வரைக்கும் இழுத்துப் போடுகிற இறுக்கமான உறை கொடுத்திருந்தாங்க, உங்களுக்கும் கொடுப்பாங்க. அந்தக் கையில் ஊசி கூடாது, பி.பி. பார்க்கக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, காயம் படவே கூடாது, வளையல் கூடாது. ஒரு தாளில் அச்சடித்தே கொடுத்தாங்க. உறையோடு போனால் என்னவென்று கேட்பாங்க. கழற்றிப் பையில் வைத்துவிட்டு, முழங்கை தாண்டி ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். மாடிப்படியில் விழுந்ததில் வீக்கம் என்று பதில் தயார்.

வளையல்காரர் கூடத்தில் பெட்டியை விரித்து உட்கார்ந்திருக்கிறார். தாரிணிக்கு வேப்பங்காப்பு போட்டு, கண்ணாடி வளையல் அடுக்கியாயிற்று. அடுத்து வந்திருக்கிற சுமங்கலிகளுக்கு. இந்திராணியம்மா எழுந்து, 'பொண்ணைப் பெத்தவங்கதான் முதல்ல. சம்பந்தி, வாங்க' என்று என்னை இழுத்து உட்காரவைத்தாங்க. வேண்டுமென்றே செய்தாங்களா, தெரியாமல் செய்தாங்களா, அது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

வளையல்காரர் என் வலது கையைத்தான் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவங்களுக்கெல்லாம் கையைத் தொட்டாலே தெரியும் தங்கச்சி. 'அம்மா, இந்தக் கைக்கு ரெண்டே முக்கால் அளவு வேணும். இல்லாட்டி இடது கைக்கு மட்டும் போடட்டுமா?' என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கூடமே கேட்டது. எல்லாக் கண்ணும் என் கையில். 'எனக்கு எப்பவும் ரெண்டே கால்தான். போடுங்க' என்றேன்.

'வேண்டாம்மா' என்று தாரிணி உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னாள். நான் முறைத்தேன்.

சோப்புத் தண்ணீர் தடவினார். விரலை மடக்கினார். நசுக்கினார். உயிர் போய்த் திரும்பி வந்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். எட்டு வளையல் ஏறிவிட்டது. ஒன்பதாவது படக்கென்று உடைந்து மணிக்கட்டில் கிழித்துவிட்டது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் சனங்கள் வாய் சும்மா இருக்குமா? துண்டைச் சட்டென்று மடிக்குள் தள்ளினேன். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். 'ஒண்ணுமில்லை, அடுத்தவங்களுக்குப் போடுங்க' என்றேன். தாரிணி எழுந்து வந்துவிட்டாள். 'அம்மா, கையைக் காட்டு. கழுவணும்மா.' யார் கண்ணிலும் படாமல் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். போய் உட்கார்ந்துகொண்டாள். ஏழு வகைச் சோறு, பந்தி, தாம்பூலம், மகளை அழைத்துக்கொண்டு வீடு வந்து சேர ஐந்து மணி நேரம். முந்தானை காய்ந்து காயத்தோடு ஒட்டிக்கொண்டது.

யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லுங்க. அவ்வளவு கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் பல்லு கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது. கை பீட்ரூட் நிறம். தொட்டால் சுடுகிறது. தோல் இழுத்துப் பளபளவென்று, எட்டு வளையலும் சதைக்குள்ளே புதைந்துவிட்டது. இங்கேதான் கொண்டுவந்து போட்டாங்க. நர்ஸ் கட்டர் எடுத்துக்கொண்டு வந்தாள், வளையலை உடைக்க. நான் விடுவேனா? புருஷன் எதிரில் நிற்கிறார், சுமங்கலி கையில் வளையலை உடைப்பதா? சோப்பு போடு, எண்ணெய் போடு என்று ஒரு மணி நேரம் கத்தினேன். கடைசியில் எங்க வீட்டுக்காரர் குனிந்து என் காதில், 'பூரணம், நான் உசுரோடதான் இருக்கேன். நல்லாப் பார்த்துக்க. உடைக்க விடு' என்றார். உடைத்தாங்க. பதினோரு நாள் ஊசி மருந்து. காயம் வழியாகப் புகுந்த கிருமிதான் கையில் மிச்சம் இருந்த வழியையும் அடைத்துவிட்டதாம். அன்றிலிருந்து உறை போதவில்லை. இந்தக் கட்டுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வளையல்காரர். பார்த்துப் போட்டிருந்தால் உடைந்திருக்குமா?

அந்தப் பதினோரு நாளில்தான் குட்டு உடைந்தது. ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி வீட்டிலே ஒற்றையாளாக என்ன செய்வாள், புருஷனுக்கு போன் போட்டுவிட்டாள். போட்டவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புளியங்கொட்டையிலிருந்து மொட்டை வரைக்கும். மாப்பிள்ளை வந்து வராந்தாவில் நின்றார். உள்ளே வரவில்லை. 'நோயை மறைச்சது இருக்கட்டும். டாக்டர் முன்னாடி என் பொண்டாட்டியப் பொய் சொல்ல வச்சீங்களே அத்தை' என்று அங்கே இருந்தபடியே சொன்னார். மரியாதை போயிற்று.

அடுத்த நாள் இந்திராணியம்மா வந்தாங்க. பிளாஸ்கில் கஞ்சி. என்னைப் பார்த்தாங்க, கையைப் பார்த்தாங்க. இன்னொரு தலையணை எடுத்து என் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாங்க. 'எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சம்பந்தி. எங்க அக்கா இதுலதான் போனா. அவளுக்கும் இதே கைதான். ரெண்டு வருஷம் நான்தான் தேய்ச்சு விட்டேன்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாங்க. தினமும் வந்து காய்ச்சல் இறங்கியிருக்கா என்று பார்ப்பாங்க. இறங்கியதும் டாக்டரைக் கேட்டுவிட்டு, பிசியோ பொண்ணு செய்கிற மாதிரியே விரலிலிருந்து மேலே மேலே தடவிவிட்டாங்க. வலி குறையத்தான் செய்தது. ஆனால் பாருங்க தங்கச்சி, எவ்வளவு சாமர்த்தியம்! நாலு பேர் பார்க்க என் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் அவங்க பெரிய மனுஷி, நான் பொய்க்காரி. அதுதானே கணக்கு? அவங்க வீட்டிலேயே இந்த நோய் இருந்ததை எங்களிடம் சொன்னாங்களா? நாங்க கேட்கவில்லை, அது வேறே.

'உங்களுக்கு உடம்பு தேறட்டும், பிரசவத்தை நாங்க பார்த்துக்கறோம்' என்று தாரிணியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாங்க. தலைப்பிரசவம்! தாய்வீட்டு உரிமை! வாயும் வயிறுமாக என் மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கினாள். ஆண் குழந்தை. பேர் வைக்கிற அன்றைக்குப் போனேன். இந்திராணியம்மா என் மடியில் தலையணை போட்டு, இடது கைப்பக்கமாகப் பிள்ளையை வைக்க வந்தாங்க. 'கட்டு போட்டிருக்கு, வேண்டாம்' என்றேன். அவங்க கொடுத்து நான் வாங்கவேண்டுமா என் பேரனை? இன்றைக்கு வரைக்கும் தூக்கவில்லை. நாலு மாசம் ஆகிவிட்டது, முகம் பார்த்துச் சிரிக்கிறானாம்.

கொஞ்சம் இருங்க. அவளே வருகிறாள்.

வாடி. மணி பதினொண்ணே முக்காலா? இருக்கட்டுமே. பன்னெண்டுக்கு ஜன்னல மூடினா அடுத்த செவ்வாய்க்கிழமை திறக்க மாட்டாங்களா? யாரு? கீழே உங்க அத்தையா? பிள்ளையையுமா தூக்கிட்டு வந்திருக்காங்க? வெயில்லயா? கேன்டீன்ல உட்கார்ந்திருக்காங்களா, சரி. அப்போ இந்தக் காகிதம் அவங்களுக்கும் தெரியும். என்னது, அவங்கதான் போகச் சொன்னாங்களா? நினைச்சேன்! இதுக்குப் பின்னாடி யாரு மூளைன்னு நினைச்சேன்! என் ரத்தத்துல இருக்குன்னு காகிதத்துல எழுதி வாங்கிட்டா, அப்புறம் உன்னைய ஆயுசுக்கும் கையில பிடிச்சு வச்சுக்கலாமில்ல? எனக்கு ஊசி போடக்கூடாது. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார். அது வலது கைக்குன்னா, இடது மட்டும் என்ன இரும்பா? முதல்ல கட்டு. அப்புறம்தான் எல்லாம். சொல்லிட்டேன்.

போய்விட்டாள்.

காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டீங்களா, கடைசியாக என்ன சொன்னாள் என்று? 'எனக்கு இருபத்தாறு வயசும்மா. வருமா வராதான்னு முன்னாடியே தெரிஞ்சா, நான் ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன்.' என்ன குத்தல் பார்த்தீங்களா! நாலு மாசம் யாருக்காகக் காத்திருந்தேன்? இவள் கழுத்தில் தாலி ஏறவேண்டும் என்றுதானே? அதோ படி இறங்குகிறாள். ஒரு தடவை திரும்புவாள் என்று பார்த்தேன்.

திரும்பவில்லை.

அழமாட்டேன் தங்கச்சி. அழுதால் இந்தக் கட்டு போட்ட கையால் துடைக்கவும் முடியாது. இந்தக் காகிதத்தை நீங்க பார்க்க என்ன இருக்கிறது? பாருங்க, வேண்டுமானால் பாருங்க. பேர், வயசு, குடும்பத்தில் யாருக்கு, எத்தனை வயசில். எல்லாம் கேட்டு வைத்திருக்கிறார்கள். இதை ஒருத்தி நிரப்பினால் அவள் மகளை எவன் கட்டுவான்? அதனால்தான் சொல்கிறேன். உங்க வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லைதானே? அந்தப் பிள்ளைக்குக்கூடத் தெரியாதில்லையா? அம்மாவுக்கு ஏதோ கட்டி, எடுத்தாயிற்று, அவ்வளவுதான். நல்லது. அப்படியே இருங்க. பிள்ளை பரீட்சை எழுதட்டும், காலேஜ் முடிக்கட்டும், ஒரு நல்ல இடத்தில் கொடுங்க, ஒரு குழந்தை பிறக்கட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிங்க. நான் கடிக்கவில்லையா?

என்ன, எழுந்துட்டீங்க? இன்னும் உங்க பேரைக் கூப்பிடலையே.

கட்டு போடுற ரூம் இந்தப் பக்கம் தங்கச்சி. அது ரத்தம் எடுக்கிற ஜன்னல். அங்கே மூடப்போற நேரம், உங்களுக்கு அங்க என்ன? ஜன்னல்ல இருக்கிற பொண்ணுகிட்ட என்ன கேட்கறீங்க, இதே காகிதமா? எதுக்குப் பேனா வாங்கறீங்க?

தங்கச்சி, இங்க வாங்க! வயசுக்கு வந்த பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு யாராவது அந்தப் பக்கம் போவாங்களா?